பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுபோக அறுவடை முடிந்த கையோடு எங்கள் ஊர் சனசமூக நிலையத்தில் பெடியள் ஒரு விவாதம் வைத்தார்கள். "சேர்ந்திருக்கும் ஒன்றியத்தை விட்டு ஒரு நாடு விலகலாமா?" என்பது தலைப்பு. உதாரணம் பிரித்தானியா. என்னை நடுவராக இருத்தினார்கள். நான் உயர்தரத்துக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன் என்பதைவிட, அன்றைக்கு வேலையில்லாமல் இருந்தேன் என்பதுதான் காரணம்.

விவாதம் முக்கால் மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு சனம் கேட்ட கேள்விகள் இரண்டு மணித்தியாலம் ஓடின. லண்டனில் ஒரு பிள்ளை, பாரிசில் ஒரு மருமகன், சுவிசில் ஒரு தங்கச்சி என்று இருக்கிற சனத்துக்கு இது தூரத்து நாட்டுக் கதை இல்லையே. அங்கே கேட்டதையும், பிறகு பரந்தன் சந்தியிலும் சந்தையிலும் மறித்துக் கேட்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியம் என்றால் ஐரோப்பா முழுக்கத்தானே? சுவிசும் அதற்குள்தானே?

இல்லை. சுவிஸ் ஒருநாளும் உறுப்பு நாடாக இருந்ததில்லை. நோர்வே 1972-லும் 1994-லும் தன் மக்களைக் கேட்டது, இரண்டு தரமும் "வேண்டாம்" என்ற பதில்தான் வந்தது. பிரான்ஸ், ஜேர்மனி, இத்தாலி, நெதர்லாந்து, டென்மார்க் எல்லாம் உள்ளே. பிரித்தானியா போன பிறகு மொத்தம் 27 நாடுகள்.

அது செய்கிற வேலையை இப்படி யோசியுங்கள். விசுவமடுவில் இருந்து தம்புள்ளைக்கு ஒரு லொறி பூசணிக்காய் போகிறது. வழியில் மாகாணம் மாறுகிறது. யாரும் தீர்வை கேட்பதில்லை. "உங்கள் மாகாணத்துத் தராதரம் இங்கே செல்லாது" என்று திருப்பி அனுப்புவதுமில்லை. அந்த லொறிச் சாரதி தம்புள்ளையிலேயே வேலை எடுத்துத் தங்கினாலும் விசா கேட்க ஆளில்லை. இதையே பல நாடுகளுக்கிடையில் செய்தால் அதற்குப் பெயர் ஒற்றைச் சந்தை. வெளியில் இருந்து வரும் சாமானுக்கு எல்லோரும் ஒரே தீர்வை வைப்பதற்குப் பெயர் சுங்க ஒன்றியம். இரண்டும் வேறு வேறு. நோர்வே முதலாவதில் இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. துருக்கி இரண்டாவதில் இருக்கிறது, முதலாவதில் இல்லை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

பிரித்தானியா எப்போது சேர்ந்தது?

1957-இல் ரோம் உடன்படிக்கையோடு ஆறு நாடுகள் தொடங்கிய அமைப்பு அது. பிரித்தானியா முதலில் எட்ட நின்று பார்த்தது. பிறகு சேரக் கேட்டபோது பிரெஞ்சு ஜனாதிபதி து கோல் 1963-லும் 1967-லும் கதவைச் சாத்தினார். 1973 ஜனவரி 1-ஆம் திகதி ஒருவழியாக உள்ளே போனது. இரண்டு வருடம் கழித்து, 1975-இல், இருக்கலாமா என்று மக்களிடம் கேட்டபோது 67 வீதம் பேர் "இருப்போம்" என்றார்கள். 2016-இல் நடந்தது முதல் வாக்கெடுப்பு என்று பலர் நினைக்கிறார்கள், அது இரண்டாவது.

சேர்ந்தவர்கள் ஏன் விலக வேண்டும் என்றார்கள்? வெள்ளைக்காரருக்கு வெளியாட்களைப் பிடிக்காது, அவ்வளவுதானே?

அவ்வளவுதான் என்று சொன்னால் விவாதத்தில் தோற்றுப்போவீர்கள். வெளியாட்கள் விடயம் பெரிய காரணம்தான். 2004-இல் போலந்து உட்பட எட்டுக் கிழக்கைரோப்பிய நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தன. பழைய உறுப்பு நாடுகளில் பெரும்பாலானவை அந்த நாட்டுத் தொழிலாளருக்குச் சில வருடம் கதவை மூடி வைத்தன. பிரித்தானியா, அயர்லாந்து, சுவீடன் மூன்றும் உடனே திறந்தன. எதிர்பார்த்ததைவிடப் பலமடங்கு ஆட்கள் வந்தார்கள். சின்னச் சின்ன ஊர்களில் பத்து வருடத்துக்குள் பள்ளிக்கூட வகுப்பும் வைத்தியரின் வரிசையும் மாறிப்போனதைப் பார்த்தவர்களின் கோபத்தை வெறும் துவேஷம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் விலகும் பக்கத்தின் பலமான வாதம் அதுவும் இல்லை. "எங்கள் சட்டத்தை யார் எழுதுவது?" என்பதுதான். பிரசல்சில் இருக்கும் ஒன்றியத்தின் ஆணைக்குழு சட்ட வரைவைக் கொண்டு வருகிறது. ஆணையாளர்களை மக்கள் நேரே தெரிவு செய்வதில்லை. இடதுசாரித் தலைவர் டோனி பென் 1975-லேயே விலக வேண்டும் என்று நின்றவர். அதிகாரத்தில் இருப்பவரை எப்படி அகற்றுவது என்று கேள், அதற்குப் பதில் இல்லாவிட்டால் அது சனநாயகம் இல்லை என்பது அவர் வாதம். வலதுசாரிகள்தான் விலகச் சொன்னார்கள் என்ற கதை பாதிதான் சரி.

இந்த இடத்தில் கூட்டத்தில் இருந்த ஒரு ஐயா தலையாட்டினார். காரணம் எனக்கு விளங்கியது. அவருடைய தகப்பன் காடு வெட்டித் திருத்திய காணியில் ஒருநாள் ஒரு திணைக்களம் வந்து எல்லைக்கல் போட்டுவிட்டுப் போனது. எங்கோ ஒரு மேசையில் வரைபடத்தில் கோடு கீறியவரை அவர் ஒருநாளும் காணவில்லை, அவருக்கு வாக்குப் போடவோ போடாமல் விடவோ வழியும் இல்லை. பிரசல்சைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த வாதம் எங்கே போய்க் குத்துகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

மறுபக்கத்துக்கும் பதில் இருந்தது. ஐரோப்பியப் பாராளுமன்றத்தை 1979 முதல் மக்களே தெரிவு செய்கிறார்கள். எந்தச் சட்டமும் உறுப்பு நாட்டு அமைச்சர்களின் சபையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தச் சபையில் பிரித்தானியா பெரிய குரலோடு இருந்தது. இதெல்லாம் உண்மை. ஆனால் விளக்க பத்து நிமிடம் வேண்டிய உண்மை மூன்று சொல் சுலோகத்தோடு மோதினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

வாக்கெடுப்பு முடிவு என்ன?

2016 ஜூன் 23. விலக 51.9 வீதம், இருக்க 48.1 வீதம். 72 வீதமானோர் வாக்களித்தார்கள். இங்கிலாந்தும் வேல்சும் விலகச் சொன்னன. ஸ்கொட்லாந்தில் 62 வீதமும் வட அயர்லாந்தில் ஏறத்தாழ 56 வீதமும் இருக்கச் சொன்னன. நாடு முழுக்க ஒரே பெட்டியாக எண்ணப்பட்டதால் அவர்களும் சேர்ந்தே வெளியே போனார்கள்.

இதைச் சொன்னதும் வயதானவர்கள் 1982-ஐ நினைத்தார்கள். இலங்கையில் நாடு முழுவதற்கும் நடந்த ஒரே சர்வசன வாக்கெடுப்பு அந்த வருடம் டிசம்பர் 22-இல் நடந்தது. தேர்தல் வைக்காமல் பாராளுமன்றத்தின் ஆயுளை இன்னும் ஆறு வருடம் நீட்டலாமா என்று கேட்டார்கள். ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். ஏறத்தாழ 55 வீதத்தோடு விளக்கு வென்றது. அப்போது கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது, அங்கே பெருவாரியாக வென்றது குடம். நாடு முழுக்கக் கூட்டிய கணக்கில் அது காணாமல் போனது. ஸ்கொட்லாந்துக்காரரின் முகம் 2016-இல் எப்படி இருந்திருக்கும் என்று எங்கள் ஊரில் விளக்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

லண்டனில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு அதில் வாக்கு இருந்ததா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னபோது மண்டபத்தில் சிரிப்பு எழும்பியது. பிரித்தானியப் பிரசைகளோடு, அங்கே சட்டப்படி வசிக்கும் அயர்லாந்து, பொதுநலவாய நாட்டுப் பிரசைகளுக்கும் வாக்கு இருந்தது. இலங்கை பொதுநலவாய நாடு. அதாவது முல்லைத்தீவில் இருந்து போய், வதிவிட அனுமதியோடு ஈஸ்ட்ஹாமில் இருக்கிற ஒருவர் இலங்கைக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டே பிரித்தானியா ஐரோப்பாவில் இருக்கலாமா என்று வாக்களிக்கலாம். அவருடைய அண்ணன் பாரிசில் பிரெஞ்சுப் பிரசையாகி, பிறகு லண்டனுக்கு வந்து பத்து வருடம் வரி கட்டியிருந்தாலும் அவருக்கு வாக்கு இல்லை. வாக்கெடுப்பால் யாருடைய வாழ்க்கை நேரே பாதிக்கப்படுமோ அவர் பார்த்துக்கொண்டிருக்க, தம்பி வாக்களிக்கப் போகிறார்.

என் மச்சான் ஒருவன் அங்கே விலகும் பக்கம் போட்டான். "என்ர மனிசியைக் கூப்பிட நான் இரண்டு வருடம் விசாவுக்கு அலைந்தேன். போலந்துக்காரன் பஸ்சில் ஏறி வந்து இறங்குகிறான். இது என்ன ஞாயம்?" என்று தொலைபேசியில் கத்தினான். விலகினால் ஆசியச் சமையற்காரருக்கு விசா இலகுவாகும் என்றுகூட அப்போது பிரசாரம் நடந்தது. ஞாயம் கேட்டதில் பிழையில்லை. ஆனால் போலந்துக்காரனுக்குக் கதவை மூடியதால் அவன் மனிசிக்குக் கதவு அகலவில்லை.

பஸ்சில் எழுதிய பொய் என்று சொல்கிறார்களே, அது என்ன?

விலகும் அணி ஒரு சிவப்பு பஸ்சில், வாரம் 350 மில்லியன் பவுண்ட் ஒன்றியத்துக்குப் போகிறது, அதைச் சுகாதார சேவைக்குக் கொடுப்போம் என்ற கருத்தில் எழுதிக்கொண்டு திரிந்தது. ஒன்றியத்துக்குக் கட்டும் காசில் 1984-இல் பிரதமர் தட்சர் பேசி வாங்கிய கழிவு அந்தக் கணக்கில் கழிக்கப்படவில்லை. விவசாயிகளுக்கும் பின்தங்கிய பிரதேசங்களுக்கும் ஒன்றியத்தில் இருந்து திரும்பி வந்த காசும் கழிக்கப்படவில்லை. நாட்டின் புள்ளிவிபர அதிகாரசபையே அது பிழையாக வழிநடத்தும் கணக்கு என்று சொன்னது.

ஆனால் மற்றப் பக்கமும் சுத்தமில்லை. விலகச் சொல்லி வாக்களித்தாலே பொருளாதாரம் உடனே மந்தத்துக்குள் விழும் என்று நிதியமைச்சு பயமுறுத்தியது. அப்படி உடனே எதுவும் விழவில்லை. பாதிப்பு பின்னால், மெல்ல, விலகிய பிறகுதான் வந்தது. ஒன்றியத்தில் இருந்திருந்தால் இருக்கக்கூடிய அளவைவிட உற்பத்தித்திறன் நீண்ட காலத்தில் 4 வீதம் குறையும் என்பது அந்த நாட்டு வரவுசெலவுப் பொறுப்புக்கான அலுவலகத்தின் கணிப்பு.

மக்கள் ஒரு நாளில் முடிவு சொல்லிவிட்டார்கள். பிறகு ஏன் நாலரை வருடம் இழுத்தது?

என்னைக் கேட்டால் முழு விடயமும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

இரணைமடுக் குளத்தின் சிறுபோகக் கூட்டத்துக்குப் போனவர்களுக்கு இது தெரியும். தண்ணீர் எல்லாக் காணிக்கும் காணாது, ஆகவே ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்க வேண்டும். "போனமுறை பிரித்த மாதிரி இந்தமுறை வேண்டாம் என்பவர்கள் கை உயர்த்துங்கோ" என்றால் பாதிக்கு மேல் உயர்த்துவார்கள். "சரி, அப்படியென்றால் எப்படிப் பிரிப்போம்?" என்று கேட்டுப் பாருங்கள். உயர்த்திய ஒவ்வொரு கையும் வேறு வேறு வாய்க்காலைக் காட்டும். வேண்டாம் என்பதில் ஒற்றுமை, என்ன வேண்டும் என்பதில் சண்டை.

பிரித்தானியாவின் வாக்குச்சீட்டில் இருந்தது "இருப்பதா, விலகுவதா" என்பது மட்டும்தான். விலகி எங்கே போவது என்று கேட்கப்படவில்லை. நோர்வே மாதிரிச் சந்தைக்குள் இருந்துகொண்டு உறுப்புரிமையை மட்டும் விடலாம். துருக்கி மாதிரிச் சுங்க ஒன்றியத்தை மட்டும் வைத்திருக்கலாம். கனடா மாதிரி ஒரு வர்த்தக உடன்படிக்கையோடு நிறுத்தலாம். ஒரு உடன்படிக்கையும் இல்லாமல் எழும்பிப் போகலாம். விலக வாக்களித்த 1 கோடியே 74 இலட்சம் பேரும் இந்த நாலில் எதை நினைத்து வாக்களித்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு அரசியல்வாதியும் தான் விரும்பியதைத்தான் மக்கள் விரும்பினார்கள் என்றார்.

இதில் இன்னொரு கோளாறும் இருந்தது. விலகுவதற்கான வழி லிஸ்பன் உடன்படிக்கையின் 50-ஆவது உறுப்புரையில் இருக்கிறது. அறிவித்தல் கொடுத்தால் இரண்டு வருடத்தில் வெளியே. பிரதமர் தெரேசா மே எங்கே போவது என்று தன் கட்சிக்குள்ளேயே முடிவாகாமல் 2017 மார்ச் 29-இல் அறிவித்தலைக் கொடுத்துவிட்டார். மணிக்கூடு ஓடத் தொடங்கியது. அதற்கிடையில் தேர்தல் வைத்து இருந்த பெரும்பான்மையையும் இழந்தார். அவர் பேசிக் கொண்டுவந்த உடன்பாடு 2019 ஜனவரியில் 432-க்கு 202 என்று பாராளுமன்றத்தில் தோற்றது. பிறகும் இரண்டு தரம் தோற்றது. அந்த மார்ச்சில் உறுப்பினர்கள் தாங்களே எட்டுத் தெரிவுகளை வைத்து ஒரே நாளில் வாக்கெடுத்துப் பார்த்தார்கள். எட்டுக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. உலகத்துப் பாராளுமன்றங்களுக்கெல்லாம் தாய் என்று புத்தகத்தில் படிப்பித்த சபை அது. அன்றைக்கு நான் வகுப்பில் அதைச் சொல்லப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

மே போக, போரிஸ் ஜோன்சன் வந்தார். பாராளுமன்றத்தை ஒத்திவைத்தார். அது சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் 2019 செப்டெம்பரில் தீர்ப்புச் சொன்னது. டிசம்பர் தேர்தலில் பெரிய பெரும்பான்மையோடு திரும்பி வந்தார். 2020 ஜனவரி 31-இல் நாடு விலகியது. அந்த வருட முடிவு வரை பழைய விதிகளே ஓடின. வர்த்தக உடன்படிக்கை நத்தாருக்கு முதல் நாள்தான் முடிவானது.

அயர்லாந்துப் பிரச்சினை என்று ஒன்று சொல்கிறார்கள். அது ஏன் அவ்வளவு சிக்கல்?

2002-இல் ஏ9 வீதி திறந்த பிறகு ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி நின்றவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பஸ்சால் இறங்கு, பையைத் திற, பதி, நட, மற்றப் பக்கத்தில் மறுபடி பையைத் திற, மறுபடி பதி. ஒரு சவர்க்காரப் பெட்டிக்கும் கணக்குக் காட்டு. 2006 ஆகஸ்டில் அதுவும் மூடியது. வீதியில் ஒரு கோடு விழுந்தால் வாழ்க்கை எப்படி இரண்டாகும் என்பது எங்களுக்குப் பாடப்புத்தகத்தில் படித்த விடயமில்லை.

அயர்லாந்துத் தீவில் தெற்கு தனி நாடு, ஒன்றிய உறுப்பினர். வடக்கு பிரித்தானியாவோடு. நடுவில் ஏறத்தாழ 500 கிலோமீற்றர் எல்லை, இருநூறுக்கு மேற்பட்ட வீதிகள் அதைக் கடக்கின்றன. வடக்கு பிரித்தானியாவோடு இருப்பதா, தெற்கோடு சேர்வதா என்று மூன்று தசாப்தமாக நடந்த மோதலில் 3,500 பேரளவில் செத்தார்கள், எல்லையில் இராணுவக் காவல் கோபுரங்கள் நின்றன. 1998-இல் பெரிய வெள்ளி உடன்படிக்கை வந்த பிறகு அவை கழற்றப்பட்டன. இப்போது அங்கே எல்லை கடந்ததை வீதியோரப் பலகையில் மைல் போய்க் கிலோமீற்றர் வருவதை வைத்துத்தான் கண்டுபிடிக்கலாம்.

இரண்டு பக்கமும் ஒரே சந்தையில் இருந்ததால்தான் இது முடிந்தது. பிரித்தானியா சந்தையை விட்டு விலகினால் எங்கோ ஒரு இடத்தில் சாமானைச் சோதித்தே ஆக வேண்டும். நிலத்து எல்லையில் சாவடி போட்டால் சமாதானத்தில் கை வைத்த மாதிரி. கடைசியில் கோட்டைக் கடலில் போட்டார்கள். வட அயர்லாந்து பொருள்களுக்கு ஒன்றிய விதிகளையே பின்பற்றுகிறது, பிரித்தானியத் தீவில் இருந்து அங்கே போகும் சாமான் சோதிக்கப்படுகிறது. இதனால் பிரித்தானியாவோடு இருக்க விரும்பும் கட்சி கொதித்தது, 2022 முதல் இரண்டு வருடம் மாகாண ஆட்சியே நடக்கவில்லை. 2023-இல் வின்சர் இணக்கப்பாடு வந்தது. அங்கேயே தங்கும் சாமானுக்குப் பச்சை வழி, தெற்கே போகக்கூடியதற்குச் சிவப்பு வழி. கோடு மெலிந்தது, அழியவில்லை.

பிரசார காலத்தில் இங்கிலாந்தில் இதைப் பற்றிக் கதைத்தவர்கள் மிகக் குறைவு. தங்கள் வாசலில் சாவடி வராதவர்களுக்குச் சாவடி ஞாபகம் வராது.

என் தங்கச்சியின் மகனுக்குப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட். லண்டனில் கடை வைத்திருக்கிறான். அவனை அனுப்பிவிடுவார்களா?

2020 முடிவதற்கு முன்னமே அங்கே வசித்துக்கொண்டிருந்து, 2021 ஜூன் 30-க்குள் விண்ணப்பித்திருந்தால் பயமில்லை. ஐந்து வருடம் இருந்தவர்களுக்கு நிரந்தர வதிவுரிமை, அதற்குக் குறைவென்றால் முதலில் தற்காலிகமாக, பிறகு நிரந்தரமாக. ஜேர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் என்று எங்கள் ஆட்கள் பலர், பிள்ளைகளை ஆங்கிலத்தில் படிப்பிக்கவும் கோயில், சொந்தக்காரர் என்று ஒன்றாக இருக்கவும் லண்டனுக்கு மாறியவர்கள். அவர்களுக்கெல்லாம் இதே விதிதான். புதிதாக இனி மாற நினைப்பவர்களுக்கு அந்த வழி மூடிவிட்டது. பிரெஞ்சுப் பிரசை லண்டனில் வேலை செய்ய விசா வேண்டும், லண்டன் பிள்ளை பாரிசில் பெரியப்பா வீட்டில் 180 நாளுக்குள் 90 நாள்தான் நிற்கலாம்.

பவுண்ட் விழுந்தது என்றார்கள். ஆனால் இப்போது ஒரு பவுண்டுக்கு முன்னைவிடக் கூடக் காசு வருகிறதே?

பவுண்ட் விழுந்தது உண்மை. முடிவு வந்த இரவில் 1.50 டொலரில் நின்ற பவுண்ட் 1.33-க்குக் கீழே போனது, 1985-க்குப் பிறகு அவ்வளவு தாழ்ந்ததில்லை. அந்தக் கிழமை காசு மாற்றியவர்கள் 200 ரூபாவுக்கும் குறைவாக எடுத்தார்கள். இப்போது அதைவிட இரண்டு மடங்கு வருகிறதென்றால் பவுண்ட் ஏறியதால் இல்லை, 2022-இல் எங்கள் ரூபா விழுந்ததால். அனுப்புகிறவருக்கு வீட்டு வாடகையும் சாப்பாட்டுச் செலவும் ஏறியிருக்கிறது. கூடக் கேட்க முன் அதை ஒருக்கால் யோசியுங்கள்.

நான் கார்மென்ட்ஸில் வேலை செய்கிறேன். எங்களுக்கு ஏதும் மாறியதா?

கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கம் தைத்து முடியும் உடுப்புகளின் ஒரு பங்கு பிரித்தானியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது என்பதால் இது நல்ல கேள்வி. ஒன்றியம் ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற தீர்வைச் சலுகையை 2010-இல் மனித உரிமைக் காரணம் சொல்லி இலங்கையிடம் இருந்து எடுத்தது, 2017 மே மாதம் திருப்பிக் கொடுத்தது. பிரித்தானியா உள்ளே இருந்தவரை அதே சலுகை அங்கும் செல்லும். விலகிய பிறகு தனக்கென்று ஒரு திட்டத்தை 2023 ஜூனில் தொடங்கியது, இலங்கை அதிலும் இருக்கிறது. துணி எந்த நாட்டில் நெய்தது என்ற கட்டுப்பாட்டில் ஐரோப்பா இறுக்கம். பிரித்தானியா அதை உடுப்புக்குத் தளர்த்துவதாக 2025-இல் அறிவித்தது. விலகியதால் எங்கள் பக்கம் கிடைத்த நன்மை என்று காட்டக்கூடியது இது ஒன்றுதான் என் கண்ணில் படுகிறது. ஆனால் முன்பு ஒரு கதவுக்கு ஒரு திறப்பு, இப்போது இரண்டு கதவு, இரண்டு திறப்பு.

மீனவர்கள்தான் விலக வேண்டும் என்று முன்னுக்கு நின்றார்களாமே?

முல்லைத்தீவில் இருந்து வந்த ஒரு அண்ணை கேட்டது. ஆம். வாக்கெடுப்புக்கு ஒரு கிழமைக்கு முன் படகுகளை அணிவகுத்துத் தேம்ஸ் நதியில் பாராளுமன்றம் வரை போனார்கள். தங்கள் கடலில் மற்ற நாட்டு வள்ளங்கள் ஒதுக்கீடு வாங்கிப் பிடிக்கின்றன என்பது அவர்கள் முறைப்பாடு. மீன்பிடி அந்த நாட்டுப் பொருளாதாரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான், ஆனால் கடல் என்றால் கணக்கு வேறு.

கிடைத்தது என்ன? ஒன்றிய நாடுகளின் பங்கில் கால்வாசியை 2026 வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருவதென்று முடிவு. பிறகு 2025 மே மாதம், ஐரோப்பிய வள்ளங்கள் 2038 வரை வரலாம் என்று பிரித்தானியா ஒப்புக்கொண்டது. இதைவிடக் கொடுமை மட்டிக்காரருக்கு. சுத்திகரிக்காத உயிர் மட்டியை வெளிநாடுகளில் இருந்து ஒன்றியம் எடுப்பதில்லை. பிரித்தானியா உள்ளே இருந்தபோது அந்த விதி அவர்களைத் தொடவில்லை, 2021 ஜனவரியில் ஒரே நாளில் வெளிநாடு ஆகிவிட்டார்கள். அண்ணைக்கு 2015 ஞாபகம் வந்தது. அந்த வருடம் ஒன்றியம் இலங்கை மீனைத் தடை செய்து அடுத்த வருடம்தான் நீக்கியது. "கடல் எங்கட, சரி. மீனை வாங்குகிறவன் ஆர்?" என்றார். விவாதத்தில் பேசிய எட்டுப் பேரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

எங்கள் கடலுக்கு வரும் இந்திய இழுவைப் படகுகளையும் இதையும் அவர் ஒப்பிடப் பார்த்தார். அது வேறு. இங்கே வருவது அனுமதியில்லாமல், அங்கே வருவது ஒப்பந்தத்தோடு.

ஐரோப்பியர் வராததால் எங்கள் பிள்ளைகளுக்கு லண்டன் விசா இலகுவாகிவிட்டது என்று ஏஜென்சிக்காரர் சொல்கிறாரே?

அவர் சொன்னது ஒரு காலத்தில் கொஞ்சம் உண்மை. 2021-இல் எல்லா நாட்டவருக்கும் ஒரே புள்ளி முறை வந்தது. 2022-இல் முதியோர் பராமரிப்பு வேலைக்கு விசா திறந்தது. வெளியாட்களைக் குறைக்க வாக்களித்த நாட்டில், 2023 ஜூனோடு முடிந்த வருடத்தில் வந்தவர் போனவர் கழித்த தொகை 9 இலட்சத்தைத் தாண்டியது. அதற்குப் பிறகு கதவு வேகமாகச் சாத்தப்பட்டது. பராமரிப்பு வேலைக்குக் குடும்பத்தைக் கூட்டிப் போவது 2024 மார்ச்சில் நின்றது. வெளிநாட்டில் இருந்து அந்த வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பது 2025 ஜூலையில் நின்றது. எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை வயலை ஈடு வைத்து இலட்சக்கணக்கில் கட்டிப் போனது, அங்கே இறங்கினால் சொன்ன வேலை இல்லை. பராமரிப்பு விசா எடுத்துத் தருகிறேன் என்று இன்னமும் ஒருவர் காசு கேட்டால் எழும்பி வாருங்கள்.

படகில் போகிறவர்களைப் பற்றியும் ஒரு சொல். முதலில் விரல் அடையாளம் கொடுத்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் டப்ளின் விதி, விலகலோடு பிரித்தானியாவுக்குச் செல்லாமல் போனது. எல்லையைக் கையில் எடுப்போம் என்றவர்களுக்கு 2022-இல் மட்டும் ஏறத்தாழ 45,000 பேர் சிறு படகுகளில் வந்தார்கள். அதனால் வழி திறந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்தக் கடலில் சனம் சாகிறது.

இதை எங்கள் பிரச்சினையோடு ஒப்பிடலாமா?

கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும், கேட்டவர் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். கொஞ்ச தூரம் வரைதான் ஒப்பிடலாம். பிரித்தானியா ஏற்கனவே ஒரு நாடு. தன் விருப்பத்தில் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தது, வெளியேறும் வழியும் பிறகு அது கையெழுத்துப் போட்ட லிஸ்பன் உடன்படிக்கையில் எழுதப்பட்டது. ஒரு நாட்டுக்குள் இருக்கும் மக்கள் தங்களுக்கென்று அதிகாரம் கேட்பது வேறு விடயம். அதற்குச் சரியான ஒப்பீடு ஸ்கொட்லாந்து. 2014-இல் லண்டன் சம்மதத்தோடு தனிநாட்டுக்கு வாக்கெடுப்பு வைத்தார்கள், 55 வீதம் வேண்டாம் என்றது. ஒன்றியத்தில் இருக்க விரும்பினால் பிரித்தானியாவோடு இருங்கள் என்று அப்போது அவர்களுக்குச் சொல்லப்பட்டது. இரண்டு வருடத்தில் அந்த வாக்குறுதி போனது. மறுபடி கேட்க வேண்டும் என்றபோது, லண்டன் சம்மதம் இல்லாமல் வாக்கெடுப்பு வைக்க முடியாது என்று 2022-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. இலங்கையில் 1983-இல் வந்த ஆறாம் திருத்தம் பிரிவினை கோருவதையே தடை செய்கிறது. இந்த மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் மாணவர் விடைத்தாளில் நான் புள்ளி கொடுக்கமாட்டேன்.

திரும்பிச் சேரலாமா? வேறு யாராவது விலகியிருக்கிறார்களா?

சேரலாம், ஆனால் வரிசையில் கடைசியில் நின்று, 27 நாடும் சம்மதித்தால். முந்தி இருந்த கழிவு கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 2024-இல் வந்த ஸ்டார்மர் அரசு நெருங்கிப் போகிறது, திரும்பிச் சேர்வோம் என்று சொல்லவில்லை. விலகியவர்களில் கிரீன்லாந்து ஒன்று. டென்மார்க்கின் தன்னாட்சிப் பகுதியான அது 1985-இல் போனது. காரணம் மீன்.

கடைசியில் விவாதத்தில் யார் வென்றது?

இருக்கும் அணிக்கு ஒரு புள்ளி வித்தியாசத்தில் கொடுத்தேன். விலகும் அணித் தலைவன் நன்றாகப் பேசினான். இறைமையைப் பற்றி அவன் பேசும்போது மண்டபம் அசையவில்லை. எதிரணியில் இருந்த பிள்ளை எழும்பி, "அண்ணா, விலகி எங்க போறீங்கள்?" என்று கேட்டாள். அவன் நோர்வே என்றான், அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் அதே நேரத்தில் கனடா என்றான். மண்டபம் சிரித்தது, நான் எழுதிக்கொண்டேன்.

நிகழ்ச்சி முடிந்து சைக்கிளை எடுக்கும்போது அந்தத் தம்பி வந்து நின்றான். "சேர், ஒரு ஞாயம் சொல்லுங்கோ. விலகுகிறவனை மட்டும் எங்க போறாய் என்று கேட்டியள். இருக்கிறவனை ஏன் கேட்கேல்லை? 1973-இல் அவர்கள் சேர்ந்தது ஒரு சந்தையில. பிறகு அது பொது நாணயம், பொது எல்லை, பொதுச் சட்டம் என்று போய்க்கொண்டே இருந்தது. இருந்தால் எங்க போய் முடியும் என்று அவையளும் சொல்லேல்லையே" என்றான்.

நாணயத்திலும் எல்லையிலும் பிரித்தானியா சேரவில்லை என்று சொன்னேன். அது எனக்குத் தெரியும் சேர், நான் கேட்டது அதில்லை என்றான். என்னிடம் அதற்கு மேல் பதில் இருக்கவில்லை. புள்ளிச்சீட்டு ஏற்கனவே செயலாளரின் கையில் போயிருந்தது.